கலிவரை நம்பாமல் வாசிப்பது எப்படி: ‘கலிவரின் பயணங்கள்’ நாவலின் அங்கதத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

பள்ளியில் நான்-டீடெயிலாக வந்த கலிவர் உங்களில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். கடற்கரையில் மல்லாந்து கிடக்கும் ஒரு மனிதன், தலைமுடி வரைக்கும் கட்டிப்போட்ட கயிறுகள், நெஞ்சின் மேல் ஏறி நடக்கும் விரல் அளவு ஆட்கள். எனக்கு அந்தக் கதை அந்தப் படத்தோடு முடிந்துவிட்டது. முழு நூலையும் வாசித்தது பல வருடம் கழித்துத்தான். குழந்தைகளுக்கு ஏன் இதை வெட்டிச் சுருக்கிக் கொடுக்கிறார்கள் என்று அப்போது நன்றாகவே புரிந்தது. அரண்மனையில் பிடித்த தீயைக் கதாநாயகன் சிறுநீர் பெய்து அணைக்கிறான். மந்திரிகள் பதவிக்காகக் கயிற்றின் மேல் கூத்தாடுகிறார்கள். கடைசியில் அவன் மனைவியின் வாடை தாங்காமல் குதிரை லாயத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதி, 1726 அக்டோபர் 28 அன்று லண்டனில் வெளியான நூல் இது. இதை அங்கதமாக வாசிக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது ‘யார் யாரைக் குறிக்கிறார்கள்’ என்ற பட்டியலை. பட்டியல் வேண்டியதுதான், கீழே நானும் தருகிறேன். அதோடு நின்றால் பாதி நூல்தான் கைக்கு வரும். மீதிப் பாதிக்கு, கதை சொல்லும் கலிவர் மேலேயே ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

முதல் படி: உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

நான்கு பாகங்களும் இருக்கிற பதிப்பாகப் பாருங்கள். விரல் அளவு ஆட்களின் லில்லிபுட்டும் ராட்சதர் நாடும் மட்டும் இருந்தால் அது சிறுவர் பதிப்பு.

அடுத்த கேள்வி கொஞ்சம் நுணுக்கமானது. ஸ்விஃப்ட் இந்த நூலில் தன் பெயரைப் போடவில்லை. கையெழுத்துப் பிரதியை இரவு இருட்டில் ஒரு வாடகை வண்டியிலிருந்து தன் வீட்டில் போட்டுவிட்டுப் போனார்கள், யார் என்றே தெரியாது என்று பதிப்பாளர் பெஞ்சமின் மோட் சொல்லிக்கொண்டார். அவருக்கும் பயம். அரசாங்கத்தைச் சுடும் இடங்களை மாற்றியும் மழுப்பியும் அச்சடித்தார். 1735-ல் டப்ளினில் ஜார்ஜ் ஃபாக்னர் போட்ட பதிப்பில்தான் அவற்றில் பெரும்பாலானவை சரியாயின.

உங்களிடம் இருப்பது எது என்று இரண்டே நிமிடத்தில் சோதித்துவிடலாம். முதல் பாகம், மூன்றாம் அத்தியாயத்துக்குப் போங்கள். லில்லிபுட் மன்னர் ஒரு குச்சியை நீட்டுகிறார். அதைத் தாண்டியும் அதற்கு அடியில் தவழ்ந்தும் காட்டுகிறவர்களுக்குப் பட்டு நூல் பரிசு. நூல்களின் நிறம் நீலம், சிவப்பு, பச்சை என்றிருந்தால் உங்கள் பதிப்பு 1735 வழியில் வந்தது. ஊதா, மஞ்சள், வெள்ளை என்றிருந்தால் மோட்டின் கை பட்டது. நீலம் கார்ட்டர், சிவப்பு பாத், பச்சை திசில்: மூன்றும் பிரிட்டிஷ் மன்னர் தரும் வீரப் பட்டங்களின் நாடா நிறங்கள். பாத் பட்டத்தை 1725-ல்தான் புதுப்பித்திருந்தார்கள். அந்த வருடமே அதை வாங்கிக்கொண்டவர்களில் பிரதம மந்திரி ராபர்ட் வால்போலும் ஒருவர். அடுத்த வருடம் கார்ட்டரும் கிடைத்தது. மோட் நிறத்தை மாற்றியதற்குக் காரணம் இதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது சோதனையாக, மூன்றாம் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் லிண்டலினோ நகரத்தின் கலகம் இருக்கிறதா என்று பாருங்கள். 1735-லும் அதை அச்சிடத் துணிச்சல் வரவில்லை. அந்தப் பகுதி முதன்முதலில் அச்சானது 1899-ல்.

இரண்டாம் படி: ஆசிரியரின் கோபம் எங்கிருந்து வருகிறது?

பெரிய வரலாறு தேவையில்லை. நாலைந்து செய்தி போதும்.

ஸ்விஃப்ட் 1667-ல் டப்ளினில் பிறந்தவர், மதகுரு. 1710 முதல் 1714 வரை லண்டனில் டோரி கட்சி ஆட்சி. அதன் தலைவர்களான ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போலிங்புரோக்குக்கும் நெருக்கமாக இருந்து, அவர்களுக்காகப் பத்திரிகை நடத்தினார். 1713-ல் டப்ளின் செயின்ட் பாட்ரிக் தேவாலயத்தின் டீன் (தலைமை மதகுரு) பதவி கிடைத்தது. அவர் எதிர்பார்த்தது இங்கிலாந்தில் ஒரு பதவியை. 1714-ல் ஆன் ராணி இறந்து முதலாம் ஜார்ஜ் வந்ததும் விக் கட்சியின் காலம் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு மேல் அரசத் துரோக வழக்கு, லண்டன் கோபுரத்தில் இரண்டு வருடச் சிறை. போலிங்புரோக் பிரான்சுக்கு ஓடிவிட்டார். ஸ்விஃப்ட் டப்ளினுக்குத் திரும்பினார்.

அங்கே அடுத்த சண்டை. வில்லியம் வுட் என்ற இங்கிலாந்து வியாபாரிக்கு அயர்லாந்துக்கான செப்புக் காசு அடிக்கும் உரிமை கிடைத்தது. மன்னரின் ஆசைநாயகி கெண்டல் சீமாட்டிக்குப் பணம் கொடுத்து வாங்கிய உரிமை அது. மட்டமான காசு நாட்டை நாசமாக்கிவிடும் என்று 1724-ல் ஒரு துணி வியாபாரி எழுதுவதுபோல் ஸ்விஃப்ட் கடிதங்கள் வெளியிட்டார். எழுதியவர் யார் என்று காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு பரிசு என்று அரசு அறிவித்தது. யாரென்று டப்ளினுக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1725-ல் காசுத் திட்டம் வாபஸானது. கலிவர் எழுதப்பட்டதும் இதே வருடங்களில்தான்.

மூன்றாம் படி: லில்லிபுட்டில் ஆளை அடையாளம் காணுங்கள், அப்புறம் கலிவரைப் பாருங்கள்

முதலில் அளவு. லில்லிபுட்டில் நம்முடைய ஓர் அடி ஓர் அங்குலமாகிறது. உயரம் 12-ல் ஒரு பங்கு என்றால் பருமன் 12-ஐ மூன்று முறை பெருக்கிய கணக்கு: 1728. அத்தனை பேர் சாப்பாடு கலிவருக்கு வேண்டும் என்று அங்குள்ள கணித நிபுணர்கள் முடிவு செய்கிறார்கள். சில பதிப்புகளில் 1724 என்று இருக்கும், குழம்ப வேண்டாம். இப்படித் துல்லியமாகக் கணக்குப் போடுகிற மக்கள்தான் மற்ற எல்லாவற்றிலும் கோணலாக நடந்துகொள்கிறார்கள்.

சரி, பட்டியல். கயிற்றின் மேல் மற்றவர்களைவிட ஓர் அங்குலம் உயரே குதிக்கும் நிதி மந்திரி ஃப்ளிம்நாப்தான் வால்போல். ஒரு தடவை விழுந்து கழுத்து ஒடிந்திருக்கும், கீழே கிடந்த ராஜாவின் மெத்தை காப்பாற்றியது என்கிறார் கலிவர். அந்த மெத்தை, மேலே பார்த்த கெண்டல் சீமாட்டி. உயர்ந்த குதிகால் செருப்புக்காரர்கள் டோரிகள், தாழ்ந்த குதிகால்காரர்கள் விக்குகள். மன்னர் தாழ்ந்ததைத்தான் விரும்புகிறார். பட்டத்து இளவரசர் ஒரு காலில் கொஞ்சம் உயரமாகவும் மறு காலில் தாழ்வாகவும் போட்டு நொண்டி நடக்கிறார். இரண்டு கட்சிக்கும் நல்லபிள்ளையாக இருந்த வேல்ஸ் இளவரசர் அவர். எதிர்க்கரையில் இருக்கும் ப்ளெஃபுஸ்கு, பிரான்ஸ்.

முட்டைச் சண்டையை நிதானமாக வாசியுங்கள். முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது, பெரிய முனையிலா சின்ன முனையிலா? மன்னரின் தாத்தா சிறுவயதில் விரலை வெட்டிக்கொண்டதால் சின்ன முனைதான் சட்டம் என்று ஆகிறது. ஆறு கலகங்கள் நடக்கின்றன. ஒரு மன்னர் உயிரையும், இன்னொருவர் மகுடத்தையும் இழக்கிறார்கள். 1649-ல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லசும் 1688-ல் ஓடிப்போன இரண்டாம் ஜேம்சும் வாசகர் மனதில் உடனே வந்திருப்பார்கள். சின்ன முனையில் உடைக்க மறுத்து 11,000 பேர் செத்தார்கள். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த இருநூறு வருட ரத்தம் காலை உணவுத் தட்டுக்கு வந்துவிட்டது. கணினித் துறையில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பைட்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவது என்ற சண்டைக்கு 1980-ல் டேனி கோஹன் ‘பிக் எண்டியன்’, ‘லிட்டில் எண்டியன்’ என்று இங்கிருந்துதான் பெயர் எடுத்து வைத்தார்.

இனி கலிவர். ஃப்ளிம்நாப்பின் மனைவிக்கும் தனக்கும் கள்ளத்தொடர்பு என்று கிளம்பிய வதந்தியை அவர் மறுக்கும் பகுதியைத் தேடி எடுங்கள். அந்த அம்மாள் வந்தபோதெல்லாம் கூட ஆள் இருந்தது, வாசலுக்கு வந்த வண்டியில் யார் இருந்தார்கள் என்று வேலைக்காரர்களுக்குத் தெரியும், தன்னுடைய பட்டம் மந்திரியின் பட்டத்தைவிட ஒரு படி உயர்ந்தது என்று வக்கீல் மாதிரி வாதம் வைக்கிறார். அந்தப் பெண் ஆறு அங்குல உயரம்கூட இல்லை என்ற ஒரே காரணம் போதாதா? அது அவருக்குத் தோன்றவே இல்லை. சில மாதங்களுக்குள் ஆள் லில்லிபுட்காரராகவே மாறிவிட்டார். பென்சில் எடுத்து ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். நான் இரண்டு குறி வைத்துக்கொண்டேன்: வெளியே யாரோ அடிவாங்கும் இடத்தில் புள்ளி, கலிவர் கண்ணெதிரே இருப்பதைக் கவனிக்காமல் விடும் இடத்தில் வட்டம். முதல் பாகத்தில் புள்ளிகள் அதிகம். போகப்போக வட்டங்கள் கூடும்.

கடைசியில் கலிவர் மேல் துரோகக் குற்றச்சாட்டு வருகிறது. எதிரியின் ஐம்பது கப்பல்களை இழுத்து வந்தவர், எதிரி நாட்டையே அடிமையாக்க மாட்டேன் என்றதுதான் குற்றத்தின் வேர். 1713-ல் பிரான்சோடு சமாதானம் செய்துகொண்ட ஸ்விஃப்ட்டின் நண்பர்களுக்கு நேர்ந்ததை இதன் அருகே வைத்துப் பாருங்கள். கொல்ல வேண்டாம், கண்ணை மட்டும் பிடுங்கினால் போதும் என்று பரிந்து பேசுகிறவர் கலிவரின் உற்ற நண்பர். மன்னரின் கருணையைப் புகழ்ந்து அறிக்கை வந்தாலே மக்கள் நடுங்குவார்களாம். அறிக்கை எவ்வளவு நீளமோ, தண்டனை அவ்வளவு கொடூரம்.

நான்காம் படி: ராட்சதர் நாட்டில் புகழ்ச்சியைத் திருப்பிப் படியுங்கள்

ப்ராப்டிங்நாகில் அளவு தலைகீழ். இப்போது கலிவர்தான் பொம்மை. ஒன்பது வயதுச் சிறுமி அவரைப் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போகிறாள். இந்தப் பாகத்தின் உயிர் ஆறாம், ஏழாம் அத்தியாயங்களில் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

மன்னர் கேட்க, கலிவர் இங்கிலாந்தைப் பற்றிப் பல நாள் பெருமையாகப் பேசுகிறார். நம் இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று ஒன்று உண்டு, புகழ்வதுபோல் இகழ்வது. அதில் பேசுகிறவனுக்குத் தான் இகழ்கிறோம் என்பது தெரியும். இங்கே கலிவர் மனதாரப் புகழ்கிறார். வஞ்சம் ஸ்விஃப்ட்டிடம் இருக்கிறது. இந்த இடைவெளி பிடிபட்டுவிட்டால் நூல் முழுவதும் திறந்துகொள்ளும்.

மன்னர் குறிப்பெடுத்துக்கொண்டு, பிறகு கேள்வி கேட்கிறார். பணம் உள்ள அயலூர்க்காரன் ஒருவன் வாக்காளர்களை வளைத்து ஜெயித்துவிட முடியாதா? சம்பளமே இல்லாத நாடாளுமன்ற இடத்துக்கு ஏன் ஆட்கள் குடும்பத்தையே கடனில் தள்ளிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள், போட்டதை எப்படி எடுப்பார்கள்? ஒரு நாடு எப்படித் தனிமனிதனைப்போல் வரவுக்கு மேல் செலவழித்துக் கடனாளியாக முடியும்? சமாதான காலத்தில் கூலிப் படை எதற்கு? கேள்விகள் வெகுளித்தனமாகத்தான் இருக்கின்றன. பதில்தான் வருவதில்லை. முடிவில், பூமியின் மேல் ஊர இயற்கை அனுமதித்த அருவருப்பான புழு பூச்சிகளிலேயே கேடுகெட்ட இனம் உங்களுடையது என்று மன்னர் தீர்ப்பளிக்கிறார்.

அவரைக் குளிர்விக்கக் கலிவர் வெடிமருந்து செய்யும் ரகசியத்தைத் தருகிறேன் என்கிறார். கோட்டைகளைத் தகர்க்கலாம், அடங்காத ஊரையே தரைமட்டமாக்கலாம் என்று ஆசைகாட்டுகிறார். மன்னர் திடுக்கிட்டு, இனி உயிர் மேல் ஆசை இருந்தால் இந்தப் பேச்சை எடுக்காதே என்கிறார். குறுகிய புத்தி, தொலைநோக்கு இல்லாத ராஜா என்று கலிவர் வருத்தப்படுகிறார்! லில்லிபுட்டில் அடுத்த நாட்டை அடிமையாக்க மறுத்த அதே மனிதர். இங்கே பெரிய வட்டமாகப் போடுங்கள். ஒரு கதிர் விளைந்த இடத்தில் இரண்டு கதிர் விளையச் செய்கிறவன் அரசியல்வாதிக் கூட்டம் மொத்தத்தையும்விட மேல் என்ற மன்னரின் கருத்தும் இதே ஏழாம் அத்தியாயத்தில் வருகிறது.

ஐந்தாம் படி: மூன்றாம் பாகத்தை வேகமாகக் கடக்கலாம்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் இந்தப் பாகம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஸ்விஃப்ட் நான்காம் பாகத்தை எழுதிய பிறகே இதை எழுதினார். 1, 2, 4 வாசித்துவிட்டு இதற்குத் திரும்புவதில் தவறில்லை.

தவறவிடக் கூடாதவை இவை. மேலே பறக்கும் லாபுட்டா தீவு, கீழே இருக்கும் நாடு வரி கட்டாவிட்டால் தலைக்கு மேல் நின்று வெயிலையும் மழையையும் மறைக்கும். அதற்கும் மசியாவிட்டால் கல்லெறியும், கடைசியில் மேலேயே இறங்கி நசுக்கும். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் உள்ள உறவுக்கு இதைவிடச் சுருக்கமான படம் இல்லை. அச்சேறாமல் கிடந்த லிண்டலினோ கலகத்தில் மக்கள் அந்தத் தீவையே மிரட்டி ஜெயிக்கிறார்கள். பெயரில் ‘லின்’ இரண்டு முறை வருகிறது. டப்ளின், ‘டபுள் லின்’. செப்புக் காசுச் சண்டையின் வெற்றி அது.

கீழே உள்ள அந்த நாட்டின் தலைநகரான லகாடோவின் ஆராய்ச்சிக் கழகத்தில் ஒருவர் வெள்ளரிக்காயிலிருந்து சூரிய ஒளியைப் பிரித்தெடுக்க எட்டு வருடமாக உழைக்கிறார். இந்தப் பருவத்தில் வெள்ளரிக்காய் விலை ஏறிவிட்டது என்று கலிவரிடம் காசும் கேட்கிறார். இன்னொரு இடத்தில் நாற்பது மாணவர்கள் நாற்பது கைப்பிடிகளைத் திருப்ப, சட்டத்தில் கோத்த சொற்கள் தாறுமாறாக இடம் மாறும். தற்செயலாக அர்த்தம் வரும் துண்டுகளை எழுதிவைத்து, அறிவே இல்லாதவனும் தத்துவ நூல் எழுதலாம் என்கிறார் பேராசிரியர். இன்றைக்கு வாசிக்கும்போது சிரிப்பு வேறு மாதிரி வருகிறது. குறி, லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி. ஸ்விஃப்ட் அறிவியலிடம் நியாயமாக நடந்துகொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே கழகத்தில் சதிகாரர்களைக் கண்டுபிடிக்கும் முறை பற்றிய பேச்சும் வருகிறது. கடிதத்தில் நொண்டி நாய் என்றிருந்தால் படையெடுப்பவன் என்று பொருளாம். பிஷப் அட்டர்பரி மேல் 1723-ல் நடந்த சதி விசாரணையில், பிரான்சிலிருந்து வந்த கால் ஒடிந்த நாய் ஒன்று நிஜமாகவே சாட்சியமாக வந்தது. நையாண்டிக்கு ஸ்விஃப்ட் எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. சாகாவரம் பெற்றும் மூப்பு நிற்காத ஸ்ட்ரல்ட்ப்ரக்குகளை மட்டும் மெதுவாக வாசியுங்கள். எண்பது வயதானால் சட்டப்படி செத்தவர்களாகக் கணக்கு. சொத்து வாரிசுக்குப் போய்விடும்.

நமக்கு மட்டும் ஒரு சின்னச் சுவாரசியம். இந்தப் பாகத்தின் தொடக்கத்தில் கலிவரின் கப்பல் 1707 ஏப்ரல் 11 அன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வருகிறது. நம் சென்னைக் கோட்டைதான். நோயாளி மாலுமிகள் தேற மூன்று வாரம் தங்குகிறார்கள். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வியாபாரக் கம்பெனியின் கோட்டை அவருக்குத் தண்ணீர் பிடிக்கும் இடம் மாதிரி. இந்த மௌனத்துக்கும் ஒரு வட்டம் போடலாம்.

ஆறாம் படி: குதிரைகளின் நாட்டில் யார் பக்கமும் சாயாதீர்கள்

நான்காம் பாகத்தில் பகுத்தறிவுள்ள குதிரைகள், ஹுயின்ம்கள். அவர்கள் மொழியில் பொய் என்பதற்குச் சொல் இல்லை. ‘இல்லாததைச் சொல்வது’ என்பார்கள். அங்கே அழுக்கும் பேராசையுமாகத் திரியும் யாஹூக்கள் உருவத்தில் மனிதர்கள். கலிவர் குதிரைகளை வழிபடத் தொடங்குகிறார். வாசகரும் கூடவே போய்விடுவார், அதுதான் பொறி.

குதிரைகளின் சமூகத்தைக் கவனியுங்கள். வெள்ளை, செம்பழுப்பு, இரும்புச் சாம்பல் நிறக் குதிரைகள் பிறப்பிலேயே தாழ்ந்தவை. எப்போதும் வேலைக்காரர்கள், நிறம் விட்டு மணம் கிடையாது. நமக்கு இது விளக்கம் தேவைப்படாத செய்தி. கலிவர் ஒரு வார்த்தை குறையாகச் சொல்வதில்லை. குதிரைகளின் மகாசபை விவாதிப்பது, யாஹூக்களைப் பூண்டோடு ஒழிக்கலாமா என்பதை. கலிவரின் எஜமானக் குதிரை, கொல்வதற்குப் பதில் குட்டிகளுக்குக் காயடித்துவிடலாம் என்று யோசனை சொல்கிறது. உங்கள் ஊரில் குதிரைகளுக்கு அப்படித்தான் செய்கிறீர்களே என்று கலிவரிடமிருந்தே கற்ற பாடம். பிறகு கலிவரையும் போகச் சொல்லிவிடுகிறார்கள். அவர் செய்துகொள்ளும் படகுக்குப் போர்வை யாஹூத் தோல். பாய்க்கு இளசான யாஹூக்களின் தோலாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார். தச்சு வேலைக் குறிப்புபோல் சாதாரணமாக எழுதிப் போகிறார். அந்தப் பத்தியில் நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தேன்.

திரும்பும் வழியில் டான் பெத்ரோ என்ற போர்ச்சுகீசியக் கப்பல் தலைவன் அவருக்குத் துணி, உணவு, பணம் எல்லாம் கொடுத்து வீடு சேர வைக்கிறான். நூலிலேயே நல்ல மனிதன் அவன். கலிவருக்கு அவன் மேலும் யாஹூ வாடைதான் அடிக்கிறது. வீட்டில் மனைவி கட்டிப்பிடித்ததும் மயங்கி விழுகிறார். இரண்டு குதிரை வாங்கி, தினமும் நான்கு மணி நேரமாவது அவற்றோடு பேசுகிறார். ஸ்விஃப்ட் மனிதரை வெறுத்தார் என்பவர்கள் கலிவரையும் அவரையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மனிதன் என்ற பிராணியைப் பிடிக்காது, ஆனால் ஜான், பீட்டர், தாமஸ் என்று தனித்தனி ஆட்களைப் பிடிக்கும் என்று 1725-ல் கவிஞர் போப்புக்கு ஸ்விஃப்ட் எழுதினார். டான் பெத்ரோவைக் கதைக்குள் வைத்தவரும் அவர்தான்.

கடைசி அத்தியாயத்தில் காலனி பற்றிய பத்தி வரும். கடற்கொள்ளையர் ஏதோ ஒரு கரையில் ஒதுங்குகிறார்கள், அங்குள்ளவர்கள் அன்பாக வரவேற்கிறார்கள். இவர்கள் நாட்டுக்குப் புதுப் பெயர் வைத்து, ஒரு உளுத்த பலகையை நட்டு, இரண்டு மூன்று டஜன் பேரைக் கொன்று, ஒரு ஜோடியை மாதிரிக்குப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பி மன்னிப்பு வாங்கிக்கொள்கிறார்கள். புதிய மாகாணம் தயார். உடனே அடுத்த பத்தியில், இது பிரிட்டிஷாருக்குப் பொருந்தாது, அவர்கள் நியாயவான்கள் என்று ஒரு பாராட்டுப் பத்திரம். நான்காம் படியில் பழகியதை இங்கே போட்டுப் பாருங்கள். மூன்று வாரம் கோட்டையில் தங்கிப் போனவர் பேசுகிறார்.

ஏழாம் படி: முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்

1735 பதிப்பின் முன்னால், உறவினர் சிம்ப்சனுக்குக் கலிவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கும். முதலில் வாசித்தால் ஒன்றும் புரியாது, கடைசியில் வாசியுங்கள். புத்தகம் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, இந்தத் தீவில் ஊழலும் கட்சிச் சண்டையும் இன்னும் ஒழியவில்லையே என்று நிஜமாகவே புகார் செய்கிறார். அதே பதிப்பில் கலிவரின் படத்துக்குக் கீழே லத்தீனில் ஒரு தொடர் அச்சாகியிருந்தது. ‘அற்புதமான பொய்யன்’ என்று அதற்குப் பொருள்.

அப்படியே கடைசி அத்தியாயத்தின் தொடக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். தான் எழுதியதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்யக் கலிவர் இரண்டு வரி லத்தீன் கவிதையைத் துணைக்கு அழைக்கிறார். விதி என்னை எவ்வளவு கெடுத்தாலும் பொய்யனாக்க முடியாது என்று அதில் பேசுகிறவன் சைனன். டிராய் நகரத்துக்காரர்களிடம் இப்படிச் சத்தியம் செய்து நம்பவைத்து, உள்ளே கிரேக்க வீரர்கள் ஒளிந்திருந்த மரக்குதிரையை அவர்கள் கையாலேயே ஊருக்குள் இழுத்துவரச் செய்தவன் அவன்.